செம்பும் களிம்பும்: கடவுளுக்காக வாதாடிய எங்கள் முன்னோர்

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு வரலாறு சம்பந்தமாக ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்தார் கேட்டபோது, சங்கிலியனைப் பற்றியோ சோழரைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை எழுத என்னைவிடப் படித்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நான் உயர்தரத்தில் இந்து நாகரிகம் ஒரு பாடமாக எடுத்தவன். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஆனாலும் அன்றைக்குச் சோதனைக்காகப் பாடமாக்கிய ஒரு விஷயம் இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையில் தேவைப்பட்டது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கட பிள்ளைகள் இங்கே சமய பாடமும் படிக்கிறார்கள், உயிரியலும் படிக்கிறார்கள். படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று கேள்வி கேட்கிறார்கள். கடவுள் இருக்கிறார் எண்டு எப்படித் தெரியும்? உயிர் எண்டு தனியா ஒன்று இருக்கோ, இல்லாட்டி எல்லாம் மூளைதானோ? தேவாரம் திருவாசகம் பாடினவை எல்லாரும் ஏன் தங்களை நாய் எண்டும் ஒன்றுக்கும் உதவாதவன் எண்டும் பாடினவை? இதற்கு நாங்கள் பெரும்பாலும் சொல்லுகிற பதில், "சாமி விஷயத்தில கேள்வி கேக்கப்படாது" என்பதுதான். எங்கள் சமய வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பதிலைப் போல் அந்த வரலாற்றுக்கு முரணான பதில் வேறில்லை. இதே கேள்விகளை 700, 800 வருஷங்களுக்கு முன்னரே, இதைவிடக் கடுமையாகக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதிலும் சொன்னார்கள்.

எங்கள் சங்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. நான் பிறந்து வளர்ந்த சைவத்தை வைத்து எழுதுகிறேனே தவிர, வேறு ஒருவரின் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்ல எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாதம் பழகிய மண்

தமிழ்நாட்டில் சைவம் ஒரு காலத்திலும் தனியாக இருந்ததில்லை. பௌத்தமும் சமணமும் பக்கத்து வீடாக இருந்தன. மணிமேகலை என்ற காப்பியம் ஒரு பௌத்த நூல். அதிலே வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தங்கள் தங்கள் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை வரிசையாகக் கேட்கிறாள். சைவவாதியும் அங்கே இருக்கிறான், கடவுளும் இல்லை உயிரும் இல்லை என்கிற பூதவாதியும் இருக்கிறான். குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு மறுப்பாக நீலகேசி என்ற சமண நூல் எழுந்தது. திருநாவுக்கரசர் சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்துவிட்டே சைவத்துக்குத் திரும்பி வந்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. கடவுள் இல்லை என்ற வார்த்தையைக் கேட்டு எங்கள் முன்னோர் காதைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை என்பதற்கு இவை போதும்.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாணிக்கவாசகர் தில்லையில் பௌத்தரோடு வாதிட்ட கதையைத் திருவாதவூரடிகள் புராணம் சொல்கிறது. வாதிட வந்தவர்கள் ஈழத்திலிருந்து போனவர்கள். ஈழத்து அரசனின் ஊமை மகள் அந்தச் சபையில் வாய் திறந்து பதில் சொன்னாள் என்பது கதை. புராணத்தைப் புராணமாகவே எடுத்துக்கொண்டாலும் ஒரு செய்தி அதற்குள் இருக்கிறது. கடல் தாண்டி வந்து ஒருவன் "உன் கடவுளை நிரூபி" என்று கேட்டால், அவனுக்கு ஆசனம் கொடுத்துச் சபை கூட்டிப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தக் காலத்துச் சைவர் நினைத்திருக்கிறார்கள்.

அந்த மாணிக்கவாசகர் யார்? பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். குதிரை வாங்கக் கருவூலத்துப் பணத்தோடு அனுப்பப்பட்டவர். அப்படிப்பட்டவர்தான் திருவாசகம் முழுவதும் தன்னை நாயினும் கீழாக வைத்துப் பாடுகிறார். ஏழையும் எளியவனும் தன்னைத் தாழ்த்திப் பாடினால் அது அவனுடைய நிலைமை என்று விட்டுவிடலாம். ஒரு நாட்டின் அமைச்சர் அப்படிப் பாடினால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை ஒழுங்குபடுத்திச் சொன்னவர்கள் அவருக்குப் பின்னால் வந்த சித்தாந்திகள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பிள்ளை

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் இருந்தார். பெண்ணாகடத்தில் பிறந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர், பிள்ளைப் பெயர் சுவேதவனப்பெருமாள். அவர் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரம், எல்லாம் சேர்ந்து 40 வரி. எங்கட வருமானவரிப் படிவத்தைவிடச் சின்னது. ஆனால் கடவுள், உயிர், உயிரைக் கட்டியிருக்கிற மலம் என்ற மூன்றையும் பதி, பசு, பாசம் என்ற பெயரில் அது வரிசையாக நிறுவுகிறது. பசு என்றால் கட்டப்பட்டது, பாசம் என்றால் கயிறு.

மெய்கண்டாரைப் பற்றி எல்லாரும் அறிந்த ஒரு கதை உண்டு. அவருடைய குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர் ஆதிசைவ அந்தணர். ஆகமம் எல்லாம் கரைத்துக் குடித்தவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்று பெயர். தன்னிடம் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர் ஒவ்வொருவராக ஒரு சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிறார்கள் என்று அறிந்து கோபத்தோடு புறப்பட்டுப் போனார். போய், ஆணவ மலத்தின் இயல்பு என்ன என்று கேட்டார். பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற அவரையே சுட்டிக் காட்டியது. பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்தார். வயதால் மூத்தவர், குலத்தால் உயர்ந்தவர் என்று ஊர் மதித்த மனிதர், வேளாளர் வீட்டுச் சிறுபிள்ளையைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அருணந்தி சிவாசாரியார் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

சைவம் மனிதனைத் தகுதியில்லாதவன் என்று சொல்கிறபோது முதலில் யாரைச் சொல்கிறது என்பதை இந்தக் கதையில் பாருங்கோ. திருடனையும் குடிகாரனையும் அல்ல, எல்லாம் படித்த குருவைத்தான் முதலில் சுட்டிக் காட்டுகிறது.

கடவுளும் உயிரும்

கடவுள் உண்டு என்பதற்கு மெய்கண்டார் முதற் சூத்திரத்தில் காட்டுகிற வழி மிக எளிமையானது. அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற எல்லாம் தோன்றுகின்றன, கொஞ்சக் காலம் நிற்கின்றன, ஒடுங்குகின்றன. தானாக அறிவில்லாத ஒன்று தானாகத் தோன்றி ஒழுங்காக நடக்காது. ஆகவே நடத்துகிறவன் ஒருவன் உண்டு. எல்லாம் எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மறுபடி தோன்றுகிறது. அப்படியானால் அவனை யார் படைத்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தோன்றி மறைகிற பொருளுக்குத்தான் காரணம் தேட வேண்டும், தோன்றாத பொருளுக்குத் தேட வேண்டியதில்லை என்பது சித்தாந்தியின் பதில்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. சைவ சித்தாந்தத்தில் கடவுள் உயிரைப் படைக்கவில்லை, மலத்தையும் படைக்கவில்லை. பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை. கடவுள் படைக்கிறது உடம்பையும் உலகத்தையும். அதுவும் உயிர் தன் அழுக்கைக் கழுவிக்கொள்வதற்காக. எனவே "இவ்வளவு கெட்ட மனிதரைக் கடவுள் ஏன் படைத்தார்?" என்ற கேள்விக்கு எங்கள் முன்னோரின் விடை, கெட்டதை அவர் படைக்கவில்லை, அதைத் தீர்க்கிறவரே அவர் என்பதாகும்.

உயிரைப் பற்றிச் சொல்கிறது மூன்றாம் சூத்திரம். இல்லை என்று சொல்கிறாயே, அப்படிச் சொல்கிற அறிவு ஒன்று இருக்கிறதல்லவா? என் உடம்பு என்கிறாயே, என் வீடு என்பவன் வீட்டுக்கு வேறாக இருப்பது போல் உடம்புக்கு வேறாக ஒருவன் இருக்க வேண்டுமே? கண் காதை அறியாது, காது கண்ணை அறியாது, ஐந்தையும் சேர்த்து அறிகிறது எது? புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிகிறது எது? அயர்ந்த நித்திரையில் உண்பதும் இல்லை, தொழிலும் இல்லை, உடம்பு அங்கேயே கிடக்கிறது. அப்படியென்றால் உண்பதும் தொழில் செய்வதும் உடம்பின் குணம் இல்லையே? அறிவித்தால் அறிகிறது, ஆகவே அது கடவுளும் இல்லை. இப்படி ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு வந்து, மாயையால் ஆன இயந்திரமாகிய உடம்புக்குள் ஆன்மா இருக்கிறது என்று முடிக்கிறார். இயந்திரம் என்ற சொல்லையே மெய்கண்டார் பாவிக்கிறார்.

உயர்தரத்தில் படிக்கும்போது இந்தச் சொல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நான் நிற்கிற இயந்திரம் சூடு கூடினால் அறிகிறது, தகடு கோணினால் நிற்கிறது, சிவப்பு விளக்குப் போட்டு என்னைக் கூப்பிடுகிறது. ஆனால் ஒரு நாளும் அது "என்னுடைய சூடு" என்று நினைத்ததில்லை. அறிகிற கருவி வேறு, அறிகிறவன் வேறு என்று மெய்கண்டார் சொன்னதற்கு உரையாசிரியர் தேவையில்லை, ஒரு இரவு வேலை போதும்.

அருணந்தியார் குருவின் 40 வரியை விரித்துச் சிவஞான சித்தியார் செய்தார். அது இரண்டு பாகம். சுபக்கம் தன் கொள்கை. பரபக்கம் பிறர் கொள்கை. பரபக்கத்தில் 14 மதத்தாரை எடுத்து மறுக்கிறார். முதலில் நிற்பவன் உலகாயதன், அதாவது கண்ணால் கண்டது மட்டும்தான் உண்மை, கடவுளும் இல்லை உயிரும் இல்லை என்பவன். பிறகு நாலு வகைப் பௌத்தர், சமணர், ஆசீவகர் என்று வரிசை போகிறது. எதிராளியின் வாதத்தை அவன் வாயாலேயே முழுக்கச் சொல்ல விட்டு, அதற்குப் பிறகுதான் மறுப்பைத் தொடங்குகிறார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு வருவதுபோல் பூதங்கள் சேர்ந்தால் அறிவு வரும் என்பது உலகாயதரின் பழைய உவமை. மூளைதான் எல்லாம் என்று இங்கே பிள்ளைகள் படித்து வருவதும் கிட்டத்தட்ட இதுதான். சேர்த்து மெல்லுகிறவன் ஒருவன் இல்லாமல் சிவப்பு எப்படி வந்தது என்பதும், எல்லாப் பூதமும் சேர்ந்துதானே பிணமும் கிடக்கிறது, அதற்கு ஏன் அறிவில்லை என்பதும் சைவரின் எதிர்க்கேள்வி. இதோடு வாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும். வாதம் நடக்கட்டும்.

களிம்பு

சரி, உயிர் இவ்வளவு உயர்ந்த பொருள் என்றால் அது ஏன் இந்த நிலையில் இருக்கிறது? இதற்குச் சித்தாந்திகள் சொல்லுகிற உவமை செம்பும் களிம்பும், நெல்லும் உமியும். செம்பு எப்போது உண்டோ அப்போதே களிம்பும் உண்டு. ஒருத்தர் பின்னால் வந்து பூசிவிடவில்லை. அதேநேரம் செம்பு வேறு, களிம்பு வேறு. உயிரோடு அநாதியாக ஒட்டிய அந்தக் களிம்புக்குத்தான் ஆணவம் என்று பெயர். பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர் என்று நினைக்கிறோம். சாத்திரத்தில் அதன் பொருள் அறிவை மறைத்து உயிரை அணுவளவாகச் சுருக்குவது. திமிர் அதன் ஒரு வெளி அடையாளம் மட்டும்.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். இருட்டு மற்றப் பொருளை மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதையாவது காட்டும். ஆணவம் மற்றதையும் மறைத்துத் தன்னையும் மறைத்துவிடும். அதனால்தான் சகலாகம பண்டிதருக்கும் தன்னிடம் இருப்பது தெரியவில்லை, ஒரு பிள்ளை சுட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

இந்தக் களிம்பைக் கழுவக் கடவுள் தருகிற பொருள்களே மாயையால் ஆன உடம்பும் உலகமும். அதுவும் மலம்தான். மலத்தை மலத்தால் எப்படிக் கழுவுவது என்று கேட்டால், வண்ணான் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்துத்தானே வெளுக்கிறான் என்று சித்தியார் பதில் சொல்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆக்களுக்கு இது விளங்கும். கையில் ஏறிய எண்ணெய்க் கறை வெறும் தண்ணிக்குப் போகாது. மணல் மாதிரிக் கரகரவென்று இருக்கிற ஒரு பசையைப் பூசித் தேய்த்தால்தான் போகும். அந்தப் பசையைக் கண்டு யாரும் ஐயோ கை இன்னும் ஊத்தையாகிவிட்டதே என்று அழுவதில்லை.

இங்கே பள்ளியில் பிள்ளைகள் லூதரைப் பற்றிப் படிக்கிறார்கள். மனிதன் தன் முயற்சியால் மட்டும் தகுதி பெற முடியாது, கடவுளின் அருள்தான் வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டில் அவர் வலியுறுத்தினார். மலம் தானாக நீங்காது, அருள் வேண்டும் என்று சொல்லுகிற சைவனுக்கு இது அந்நியமாகத் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், ஆதி மனிதன் செய்த ஒரு குற்றத்தின் தொடர்ச்சியாகக் கிறிஸ்தவம் இதைச் சொல்கிறது. சைவம் இதை ஒருவரும் செய்யாத, தொடக்கமில்லாத ஒரு நோயாகச் சொல்கிறது. இந்த ஒற்றுமையும் வேற்றுமையும் ஒரு ஜேர்மானியரின் கண்ணில் அன்றே பட்டது. தமிழ்நாட்டில் லூதரன் மிஷனரியாக இருந்த ஷொமேருஸ் என்பவர் 1912இல் லைப்சிக்கில் சைவ சித்தாந்தம் பற்றி ஜேர்மன் மொழியில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1923இல் திருவாசகத்தையும் ஜேர்மனில் தந்தார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கஷ்டப்படுகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

கொற்றவன்குடிக்குத் தள்ளப்பட்டவர்

மேலே சொன்ன உமாபதியார் தில்லை வாழ் அந்தணருள் ஒருவர். நடராசருக்குப் பூசை செய்துவிட்டுப் பட்டப் பகலில் தீவட்டி பிடிக்கச் சிவிகையில் போனபோது, தெருவில் நின்ற மறைஞான சம்பந்தர், பட்டுப்போன கட்டையில் பகற்குருடு போகிறது என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். உமாபதியார் சிவிகையால் குதித்து அவர் பின்னால் போனார். மறைஞான சம்பந்தர் நெசவாளர் தெருவில் பாவுக்கு வைத்திருந்த கஞ்சியைக் கையேந்தி வாங்கிக் குடிக்க, அவர் முழங்கை வழியே வடிந்ததை உமாபதியார் ஏந்திக் குடித்தார். தில்லை அந்தணர் அவரைத் தங்கள் கூட்டத்திலிருந்து தள்ளிவைத்தார்கள். அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய் இருந்தார். விறகு கொண்டுவந்து கொடுக்கிற பெற்றான் சாம்பான் என்ற தாழ்த்தப்பட்ட மனிதருக்கு, கடவுள் அனுப்பிய ஓலைப்படி தீட்சை கொடுத்து முத்தி காட்டினார் என்பதும் அவரைப் பற்றிய வரலாறு.

மெய்கண்ட சாத்திரங்கள் 14இல் எட்டு உமாபதியார் செய்தவை என்பது மரபு. அவற்றுள் சங்கற்ப நிராகரணம் என்ற மறுப்பு நூல் எழுந்த ஆண்டு நூலுக்குள்ளேயே இருக்கிறது, சகம் 1235, அதாவது கி.பி. 1313. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னர், 1311இல், மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்து கோயில்களைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பியது. பாண்டிய அரசு உடைந்துகொண்டிருந்தது. கோயில் பாதுகாப்பாக இருந்த காலத்தில், சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் இருந்து எழுதிய தத்துவம் அல்ல இது. தன் சாதியாரால் ஒதுக்கப்பட்ட ஒருவர், நாடு கலங்கிய காலத்தில் எழுதியது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிய ஒருவர்

இந்த நூல்கள் எங்கள் ஊருக்கும் வந்தன. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் ஞானப்பிரகாசர் என்று ஒருவர் இருந்தார். அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பசு முறை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்ததாம். தன் முறை வருகிற நாளுக்கு முதல் இரவு அவர் ஊரை விட்டே புறப்பட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். வடக்கே போய் வடமொழி கற்று, தமிழ்நாட்டில் துறவியாகி, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் ஞானப்பிரகாசம் குளம் என்று இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இரவோடு இரவாக ஊரை விட்டு வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்து அகதி ஒருவர் சித்தியாரின் உரையாசிரியர் வரிசையில் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த உரையில் அவர் சொன்னது முக்கியமானது. மலம் நீங்கிய உயிர் சிவத்துக்குச் சமமாகும் என்ற கருத்தை அவர் எடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதைச் சிவசமவாதம் என்று பெயரிட்டு மறுத்து ஒரு தனி நூலே எழுதினார். முத்தியிலும் இன்பத்தைக் கொடுப்பவன் சிவன், பெறுவது உயிர், இரண்டும் சமமாகாது என்பது முனிவரின் பக்கம். சைவ உலகம் முனிவரின் பக்கமே நின்றது. படித்தவர்கள் அதற்குக் காரணம் சொல்லுவார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நாட்டை இழந்து, கோயிலை இழந்து, வீட்டுப் பசுவுக்கும் உரிமையில்லாமல் ஓடிய ஒரு மனிதர், உயிரின் தகுதியை எல்லாரையும்விட உயர்த்திப் பிடித்தார் என்பதை வாசிக்கிறபோது அவர் நியாயமும் எனக்கு விளங்குகிறது.

அந்த ஞானப்பிரகாசரின் பரம்பரையில் வந்தவர் என்று சொல்லப்படுகிறவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். மிஷனரிமார் எப்படிக் கேள்வி பதிலாகச் சமயம் படிப்பிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து கண்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கி, அச்சியந்திரமும் வைத்து, சைவ வினாவிடை எழுதி வெளியிட்டார். பதி, பசு, பாசத்தைச் சின்னப் பிள்ளைக்கும் வாயில் வருகிற மாதிரிச் செய்தவர் அவர். நாங்கள் எல்லாம் அதைப் பாடமாக்கியவர்கள்தானே.

பூட்டிய கதவு

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நாவலர் சாதி விஷயத்தில் தம் காலத்து யாழ்ப்பாணத்தவராகவே இருந்தார். அவருக்குப் பிறகும் நாங்கள் திருந்தவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிட வந்த மக்களைச் சாதி சொல்லி வாசலில் மறித்தார்கள். அது போராட்டமாக வெடித்தது. மறித்தவர்கள் வீட்டிலும் சைவ வினாவிடை இருந்திருக்கும். எல்லா உயிருக்கும் ஒரே ஆணவம், எல்லா உயிரும் ஒரே வரிசையில் அருளுக்குக் காத்து நிற்கிறது என்று பாடமாக்கியவர்கள், கோயில் வாசலில் வரிசையை இரண்டாக்கினார்கள். பெற்றான் சாம்பானுக்குத் தீட்சை கொடுத்த உமாபதியாரின் நூலை வீட்டில் வைத்துக்கொண்டு செய்தது இது.

என் கருத்தில், "நான் தகுதியில்லாதவன்" என்ற சைவ வார்த்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைத் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லலாம். மாணிக்கவாசகர் தன்னை நாய் என்றார், பக்கத்தில் நின்றவனைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மற்றவனை நோக்கித் திருப்பினால் அதுவே ஆணவம். இங்கே 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு வருகிற சனத்தைப் பாருங்கோ. எல்லாரும் ஒரே வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி ஒரே வடத்தைப் பிடிக்கினம். ஆனால் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறபோது பழைய பூட்டை இன்னும் சிலர் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வினை என்ற சொல்

கடைசியாக, நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்கே காரணமான விஷயம். 2009க்குப் பிறகு எங்கட ஆக்களிடம் ஒரு பேச்சு வந்தது. "எல்லாம் நாங்கள் செய்த வினை" என்பார்கள். மனத்தாங்கலில் ஒரு தாய் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னால் அவளோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் வேறு ஒருவர் வந்து, செத்த சனத்தைப் பார்த்து அது அவையின்ர வினை என்றால் அதைச் சைவம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

சாத்திரம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்தது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். குண்டு போட்டவன் செய்தது அவனுடைய ஆகாமியம். அடிபட்டவனின் பிராரத்தத்தைக் காட்டி அடித்தவனின் ஆகாமியத்தை அழிக்க முடியாது, இரண்டும் வேறு வேறு கணக்கு. திருநாவுக்கரசரைச் சுண்ணாம்பு நீற்றறையில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். இதைப் பாடிய சேக்கிழார், அது அப்பரின் வினை என்று சொல்லி அரசனை விட்டுவிடவில்லை. அரசன் செய்தது கொடுமை என்றே வருகிறது. அவன் பிறகு மனம் திரும்பி அப்பரிடம் வந்தான் என்பதும் வருகிறது. குற்றம் அவனுடையதாக இருந்தால்தானே அவன் திரும்பி வர முடியும்?

கடவுளை மருத்துவனாகச் சித்தியார் சொல்கிறது. அறுத்தும் கீறியும் நோயைத் தீர்க்கிறவன். இதைக் கேட்டு, அப்படியானால் எங்களை அறுத்தது கடவுளா என்று கேட்பவர்கள் உண்டு. வாளை எடுத்தவன் எல்லாம் மருத்துவன் அல்ல என்பதுதான் என் பதில். மருத்துவன் அறுப்பது நோயாளி எழும்ப வேண்டும் என்பதற்காக. உயிர் அழியாது என்று மெய்கண்டார் சொன்னதை நம்புகிறவனுக்கு, அங்கே போனவர்கள் அழிந்துபோகவில்லை, அந்த மருத்துவனின் கையில் இருக்கிறார்கள் என்ற ஆறுதல் உண்டு. அந்த ஆறுதல் நியாயம் கேட்கிறதை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தாண்டில் கைவிசேஷம் கொடுத்து, மருத்துநீர் வைத்து, கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. வருகிற வழியில் பிள்ளை கடவுள் எங்கே என்று கேட்டால் வாயை மூடு என்று சொல்லாதேங்கோ. "அப்பிடிக் கேட்டவைக்கு எங்கட ஆக்கள் 14 பேருக்குப் பதில் எழுதியிருக்கினம், வா இருந்து வாசிப்பம்" என்று சொல்லுங்கோ. உங்களுக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேருமாக வாசியுங்கோ. சகலாகம பண்டிதரே ஒரு பிள்ளையிடம் படித்தவர்தான்.